மூன்று டப்பா, ஒரு செம்பு: எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த கதைப் பட்டறை

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். இந்த ஆண்டு என் ஒன்பதாம் வகுப்பில் 38 பேர், அதில் ஏழு பேர் முகாமிலிருந்து வருபவர்கள். அந்த வகுப்புக்கு மூன்று நாள் கதைப் பட்டறை நடத்த இரண்டு பேரை அழைத்திருந்தோம். அது எப்படி இருந்தது என்று சக ஆசிரியர்கள் சிலர் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

வந்த இரண்டு பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இன்னொருவர் தெருக்கூத்து ஆடுகிற இளைஞர். அவர்களுக்கென்று பதாகையோ அமைப்போ கிடையாது. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் அவர்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பிள்ளைகளின் பெயரும் இதில் வராது.

கட்டணமாக எதுவும் கேட்கவில்லை. பேருந்துச் செலவு, சாப்பாடு, அட்டை அச்சடித்த செலவு எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய் ஆயிற்று. நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் பகிர்ந்துகொண்டோம். தினமும் மதியத்துக்குப் பிறகு இரண்டு பாடவேளை கொடுத்தோம்.

வருவதற்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பெரியவர் தொலைபேசியில் ஒன்று சொன்னார். "உங்க வகுப்புல யார் யார் கேம்ப் பிள்ளைங்கன்னு எங்ககிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். எங்களுக்குத் தெரிஞ்சா எங்க கண்ணு அவங்க பக்கமே போகும்." இருபது வருடமாக வகுப்பெடுக்கிறேன். வெளியிலிருந்து யார் வந்தாலும், அது பரிசு கொடுக்க வந்தவராக இருந்தாலும் சரி, அதிகாரியாக இருந்தாலும் சரி, முதல் கேள்வி "கேம்ப் பிள்ளைங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்பதாகத்தான் இருந்திருக்கிறது. நானே பல தடவை அவர்களை எழுப்பிவிட்டிருக்கிறேன். அந்தத் தொலைபேசிப் பேச்சிலேயே எனக்கு இவர்கள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் நாள் அவர்கள் கொண்டுவந்தவை மூன்று பிஸ்கட் டப்பாக்கள், கொஞ்சம் வெற்றுச் சீட்டுகள். "முகாம்" என்று கேட்டதும் மனதில் வருவதை எழுதுங்கள், ஒரு சீட்டில் ஒன்று மட்டும், பெயர் போட வேண்டாம் என்றார்கள். எழுதிய பிறகுதான் டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்ததைக் காட்டினார்கள். முதலாவதில் "நான் நேரில் பார்த்தது". இரண்டாவதில் "யாரோ சொன்னது". மூன்றாவதில் "சினிமாவிலும் போனிலும் பார்த்தது". சீட்டை எதில் போடுவது என்று எழுதியவரே முடிவு செய்ய வேண்டும்.

மொத்தம் 61 சீட்டுகள் விழுந்தன. "நேரில் பார்த்தது" டப்பாவில் ஒன்பதுதான். அதிலும் பாதிக்கு மேல் முகாம் பிள்ளைகளே எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் ஒன்றில் "தண்ணி லாரி காலையில ஆறு மணிக்கு வரும்" என்று இருந்தது. மற்ற இரண்டு டப்பாக்களில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்: ஓசிச் சோறு, புலி, பாவம், படகு, பெயிண்ட் அடிக்கிறவங்க, அழுதுகிட்டே இருப்பாங்க, போலீஸ் வரும், கவர்மெண்டு லட்சக்கணக்குல கொடுக்குது, சண்டைதான் முடிஞ்சிருச்சே ஏன் போகல, கள்ளத்தோணி.

அடுத்து என்ன செய்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் உடனே பாடம் எடுக்க ஆரம்பித்திருப்பேன். அவர்கள் திட்டவும் இல்லை, "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று புத்தி சொல்லவும் இல்லை. ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, "இதை எப்படிச் சரிபார்க்கலாம்?" என்று மட்டும் கேட்டார்கள். பணம் கொடுப்பது பற்றிய சீட்டு வந்தபோது கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். 2021-க்குப் பிறகு முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் எவ்வளவு? ஒரு பையன் கூட்டிப் பார்த்து 3,500 என்றான். அவன் அப்பா கொத்தனார். "அது எங்கப்பா நாலு நாள்ல வாங்குற கூலி சார்" என்று தானாகவே சொன்னான். அதற்குமேல் அந்தச் சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

"ஏன் திரும்பிப் போகல" என்ற சீட்டுக்குக் கூத்துக்கார இளைஞர் பதில் வைத்திருந்தார். போர் முடிந்தது 2009 மே மாதம். இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிற யாருமே அப்போது பிறக்கவில்லை. முகாமில் இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள், அவர்களின் அப்பா அம்மாவிலும் பலர் இங்கேயே பிறந்தவர்கள். "திரும்பி" என்றால் எங்கே திரும்புவது? அப்புறம் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி இரண்டே நிமிடம் பேசினார். 1987 ஜூலைக்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், அதற்குப் பின்னால் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையையும் பார்ப்பார்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் வரை போய்ப் போராடி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் முதல்முறையாக வாக்குப் போட்டார். அப்போது அவருக்கு வயது 38. முகாமில் வாழ்கிறவர்களில் முதல் வாக்காளர் என்று செய்தித்தாள்களில் வந்தது. இதைக் கேட்டபோது என் வகுப்பில் ஒரு மாணவி (யார் என்று சொல்லமாட்டேன்) பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கள்ளத்தோணி" சீட்டை மட்டும் அவர்கள் அன்று பிரித்துப் பேசவில்லை. "இதை நாளைக்கு எடுத்துக்குறோம்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் பெரியவர்.

பட்டறையின் உயிர் இரண்டாம் நாளில்தான் இருந்தது. வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். அட்டையில் ஒரு காலம், ஓர் இடம், ஒரு நிலைமை. ஒரு குழுவின் அட்டை இன்னொரு குழுவுக்குத் தெரியாது. எல்லா அட்டையிலும் பொதுவாக ஒரு பித்தளைச் செம்பு வரும், அது கதைக்குள் இருந்தே ஆக வேண்டும். இன்னும் ஒரு கட்டளை: "அகதி", "பாவம்" என்ற இரண்டு சொற்களையும் பயன்படுத்தக் கூடாது. எழுத 40 நிமிடம்.

எழுதி முடித்ததும் வரிசையாக வாசிக்கச் சொன்னார்கள். முதல் குழுவின் அட்டையில் 1880-கள், புதுக்கோட்டைச் சீமை, பஞ்சம், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி. ஒரு பெண் செம்பைத் தூக்கிக்கொண்டு கடற்கரை வரை நடக்கிறாள், தோணியில் மன்னார்க் கரைக்குப் போகிறாள், காட்டு வழியே இலங்கை மலைநாட்டின் மாத்தளைப் பக்கம் நடக்கிறாள். இரண்டாவது 1948, தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு. அந்த ஆண்டு இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள். மூன்றாவது 1964, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் எண்ணிப் பிரித்தன. அட்டையில் இருந்த நிலைமை: "அக்காவுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. செம்பு யாரிடம் போகும்?" நான்காவது 1977, கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வடக்கே வவுனியாவுக்கு வந்த குடும்பம். ஐந்தாவது 1990, நடுக்கடலில் ஒரு மணல்திட்டு. ஆறாவது இன்று, முகாமில் ஒரு வீடு.

நான்காவது குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது, முதல் குழுவிலிருந்த ஒரு பெண் எழுந்து, "சார், இது எங்க செம்பு!" என்று கத்தினாள். அந்த நொடியில்தான் வகுப்புக்குப் புரிந்தது, ஆறு குழுவும் ஒரே குடும்பத்தின் கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட செம்பு புதுக்கோட்டைக்கே திரும்பி வந்து முகாமில் உட்கார்ந்திருக்கிறது.

அப்போதுதான் பெரியவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்குப் போன மக்களை, அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்று சொல்லி, இலங்கையில் "கள்ளத்தோணி" என்று ஏசினார்கள். அதாவது நம் ஊர்க்காரர்களை. அதே சொல் இப்போது நம் வகுப்பறையில் ஒரு டப்பாவில் கிடக்கிறது என்றார். சீட்டை யார் எழுதியது என்று கேட்கவில்லை, மடித்து மேசைமேல் வைத்தார். தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சொல் கடலின் இரண்டு பக்கமும் போய் வந்த சொல் என்பதை நான் அன்றுவரை யோசித்ததே இல்லை.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் முகாம் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். அவன் தாத்தாவின் குடும்பம் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கு வந்ததாம். அவர்கள் குலதெய்வக் கோயில் எங்கள் பள்ளியிலிருந்து பேருந்தில் நாற்பது நிமிடம். வருடா வருடம் மாசியில் போய்ப் பொங்கல் வைக்கிறார்களாம். மூன்று வருடமாக அவன் என் மாணவன். "ஏன்டா இதைச் சொன்னதே இல்ல?" என்றேன். "யாரும் கேட்கல டீச்சர். படகுல வந்தீங்களான்னுதான் கேப்பாங்க" என்றான்.

இப்போது அந்த இரண்டாம் நாளில் நடந்த குறைக்கு வருகிறேன். ஐந்தாவது குழுவின் கதை 1990-ல் நடக்கிறது. அந்த ஆண்டை ஒட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். தோணிக்காரர்கள் சிலர் ரோந்துக்குப் பயந்து, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் மணல்திட்டுகளில் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். யாராவது வந்து மீட்கும்வரை வெயிலில், தண்ணீர் இல்லாமல் காத்துக் கிடக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அந்தத் திட்டில் ஒரு பாட்டியை வைத்து, கடைசிப் பத்தியில் அவரைச் சாகடித்துவிட்டார்கள். செம்பில் கடைசிச் சொட்டுத் தண்ணீர், பேத்தி அழுகிறாள், கதை முடிந்தது. வகுப்பு பலமாகக் கைதட்டியது.

வேறு குழுவில் இருந்த ஒரு மாணவி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அழவில்லை, கோபமாக இருந்தாள். "எங்க அம்மம்மா அந்தத் திட்டுல ரெண்டு நாள் இருந்தவ. இப்ப வீட்டுலதான் இருக்கிறா, சீரியல் பாத்துக்கொண்டு. ஏன் டீச்சர் சாகடிச்சாத்தான் கைதட்டுறாங்க?"

எனக்குச் சொல்லப் பதில் இல்லை. உள்ளே இருந்த இருவருக்கும் இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடே இல்லை. ஒருவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வெளியே வந்திருக்க வேண்டும், யாரும் வரவில்லை. மணல்திட்டு அட்டையை முகாம் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கொடுக்கும்போது, ஆசிரியரிடமாவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். யார் முகாம் பிள்ளை என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்ல கொள்கைதான். ஆனால் தெரியாது என்பதற்காகத் தயாராக இல்லாமல் இருக்கக் கூடாது. அன்று மாலை இதை அவர்களிடம் நேராகவே சொன்னேன். மறுக்கவில்லை, குறித்துக்கொண்டார்கள்.

அவர்களை நான் மறுபடி அழைப்பேன் என்று முடிவு செய்தது மூன்றாம் நாளில். அந்த மாணவியின் பெயரையோ அவள் சொன்னதையோ வகுப்பில் எடுக்கவில்லை. கூத்துக்கார இளைஞர் ஐந்தாவது குழுவிடம் மட்டும் கேட்டார், "அந்தப் பாட்டி ஏன் சாகணும்?" ஒரு பையன் யோசிக்காமல் சொன்னான், "செத்தாதானே சார் பாவமா இருக்கும்." சொன்ன பிறகுதான், எழுதக் கூடாது என்று தடை போட்ட சொல்லைத் தான் சொல்லிவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "சரி. பாட்டி பிழைச்சுக்குறாங்க. இப்ப எழுதுங்க" என்றார் அவர்.

பத்து நிமிடம் அந்தக் குழு ஒரு வரிகூட எழுதவில்லை. சாகடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டியை இரண்டு நாள் மணலில் உட்கார வைத்து என்ன செய்யச் சொல்வது என்று தெரியவில்லை. அப்புறம் வகுப்பு முழுவதையும் உதவிக்கு அழைத்தார். ஒருத்தி, பாட்டி மணிக்கொருமுறை பிள்ளைகளை எண்ணுவாள் என்றாள். ஒருவன், செம்பை மணலில் புதைத்து வைத்தால் தண்ணீர் சூடாகாது என்றான். பின்வரிசையிலிருந்து என் வேப்பமரத்து மாணவி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "தோணிக்காரன்ட்ட சண்டை பிடிச்சிருப்பா. ராமேஸ்வரம் மட்டும் காசு குடுத்தனான், பாதியில இறக்கிப்போட்டுப் போறியே, மிச்சக் காசைத் தான்னு." வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். அந்த வரி அப்படியே கதைக்குள் போனது. மூன்று நாளில் எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

"குடுத்தனான்" என்றால் என்ன என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். கொடுத்தேன் என்பதை அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்று பக்கத்திலிருந்த முகாம் பையன் விளக்கினான். "ராமேஸ்வரம் மட்டும்" என்றால் ராமேஸ்வரம் வரை என்றும், "கதைக்கிறது" என்றால் பேசுவது என்றும் சொன்னான். இதை எழுதும்போது எனக்கு உறுத்துகிறது. கட்டுரை நோட்டில் "கதைத்தான்" என்று எழுதிய பிள்ளைகளுக்கு நான் சிவப்பு மையில் சுழித்து "பேசினான்" என்று திருத்தியிருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. பேசுவதற்கே கதைப்பது என்று பெயர் வைத்திருக்கிற தமிழ் அது. இனி அதைத் திருத்தமாட்டேன்.

இன்னொரு குறை ஆறாவது அட்டை. "இன்று" என்று போட்டுவிட்டு நிலைமையாக "அப்பா பெயிண்ட் வேலைக்குப் போய் வருகிறார்" என்று கொடுத்திருந்தார்கள். முகாம் ஆண்கள் பலர் அந்த வேலைக்குப் போவது உண்மைதான். வேறு வேலைகள் கிடைப்பது அவர்களுக்கு எளிதில்லை என்பதும் உண்மை. ஆனால் முதல் நாள் டப்பாவில் விழுந்த சீட்டையே அட்டையில் அச்சடித்துக் கொடுப்பது சரியாகப் படவில்லை. அந்தக் குழு எழுதியதும் சப்பென்று இருந்தது. அதைக் காப்பாற்றியது ஒரே ஓர் இடம். எந்தச் சுவரைப் பார்த்தாலும் எந்த இரண்டு கலரைக் கலந்தால் அது வரும் என்று அப்பா கண்ணாலேயே சொல்லிவிடுவார் என்று ஒருவன் எழுதியிருந்தான். எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடித்தவர்களும் முகாம்காரர்கள்தான், அது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? இன்றைய நாளுக்கு ஒரே ஓர் அட்டை போதாது. நர்சிங் படிக்கிற அக்கா, கைப்பந்து ஆடுகிற தம்பி, பழைய பத்துக்குப் பத்து வீட்டிலிருந்து அரசு கட்டிய புது வீட்டுக்கு மாறுகிற குடும்பம் என்று மூன்று நான்காவது வேண்டும்.

கடைசி நாள் மாலை பெற்றோரை அழைத்து வாசிப்பு நடத்தினோம். முகாம் பெற்றோர் ஒருவர்கூட வரவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அன்று முகாமில் தலைக்கணக்கு எடுக்கும் நாள். பிள்ளைகள் அதைச் "செக்கிங்" என்பார்கள். அதிகாரிகள் வரும்போது ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் விடுபடும், உதவித்தொகைக்குச் சிக்கல் வரும். நாள் குறிக்கும்போது நானும் கேட்கவில்லை, பட்டறை நடத்தியவர்களும் கேட்கவில்லை. இது எங்கள் எல்லாருடைய தவறு. இப்படி ஒரு நிகழ்ச்சி வைப்பவர்கள் தயவுசெய்து முதலில் முகாம் தலைவரிடம் தேதி கேளுங்கள். 2021-ல் அரசு "அகதிகள் முகாம்" என்பதை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது நல்ல காரியம். ஆனால் தலைக்கணக்கு இன்னும் இருக்கிறது என்பது எங்களைப் போன்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு போடுவேன். இரண்டு குறைந்தது, வேப்பமரத்தடியில் அந்தப் பிள்ளை தனியாக நின்றதற்காக. அழைக்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். வகுப்பு நாற்பது பேருக்குமேல் போனால் வேண்டாம், குழு பெரிதானால் இரண்டு பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எட்டாம் வகுப்புக்குக் கீழே மணல்திட்டு அட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று நாள் போதவில்லை, ஐந்து நாளாகக் கேளுங்கள். பட்டறை நடக்கும்போது நீங்கள் வகுப்பை விட்டு நகராதீர்கள். தொடர்பு எண் வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், அவர்களிடம் அனுமதி வாங்கித் தருகிறேன். ஜூனில் அடுத்த ஒன்பதாம் வகுப்புக்கு மறுபடி வருகிறார்கள். ஆறாவது அட்டையை மாற்றி எழுதும் வேலையில் என் மாணவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், அதில் இருவர் முகாமிலிருந்து வருபவர்கள். அதற்கு அவர்களே கை தூக்கினார்கள்.

டப்பாக்களைப் போகும்போது விட்டுவிட்டுப் போனார்கள். மூன்றும் என் மேசைமேல் இருக்கின்றன. போன வாரம் எங்கள் ஊரில் பாலம் கட்ட பீகாரிலிருந்து ஆட்கள் வந்து தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். நேற்று மேசையைத் துடைக்கும்போது டப்பாவுக்குள் ஏதோ சலசலத்தது. புதுச் சீட்டு ஒன்று: "இந்திக்காரங்க வந்தா திருட்டு நடக்கும்." யார் போட்டது என்று தெரியவில்லை. போட்டிருந்தது "யாரோ சொன்னது" டப்பாவில்.